முகத்துக்குக் கிளியரன்ஸ்

"பற்றரி ரெண்டு மணித்தியாலம் நிக்கும் சேர். கீபோர்ட்ல ஒரு எழுத்தும் அழியல்ல. மூடி எவ்வளவு இறுக்கமா ஈக்கிது, பாருங்களே!"

றம்லத் அந்தப் பழைய லெப்டொப்பின் மூடியை இரண்டு தரம் திறந்து மூடிக் காட்டினாள். விவேகானந்தன் அதைப் பார்க்கவேயில்லை.

"அது கிடக்கட்டும் தங்கச்சி. இதை முந்தி வைச்சிருந்தவர் ஆர்?"

"கத்தார்ல ஒரு ஒபிஸ்ல இருந்து வந்தது சேர்."

"ஒபிஸ் எண்டால்? ஆள் ஆர்? பேர், ஊர் ஒண்டும் தெரியாதோ?"

"மாப்பிள்ள விசாரிக்கிற மாதிரிக் கேக்கிறீங்களே சேர்!"

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட உள்ள ஆஸியா உம்மாவின் வீட்டு முன்கூடம்தான் றம்லத்தின் கடை. றம்லத், ஆஸியா உம்மாவின் மருமகள். புருஷன் கத்தாரில். அவன் அங்கிருந்து அனுப்பும் பாவித்த லெப்டொப்புகளையும் ஊரில் கிடைப்பவற்றையும் தூசி தட்டித் திருத்தி விற்பது அவள் வேலை. அதே வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன் விவேகானந்தன். பேராதனையில் ஓர் அரச திணைக்களத்தில் எழுதுவினைஞன். வயது முப்பத்திரண்டு. ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த காலம் அது. பழைய லெப்டொப் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகப் பற்றரியைக் கேட்பார்கள், நினைவகத்தைக் கேட்பார்கள். கண்டியில் இருக்கும் யாழ்ப்பாணத்தான் கேட்கும் முதற் கேள்வி வேறு. கையிலிருந்த முப்பத்தைந்தாயிரத்துக்குப் புதியது வாங்க முடியாது. பழையது வாங்கினால் பழைய ஆளின் கடிதங்களும் படங்களும் எங்காவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு வரும். வழியில் சோதனைச் சாவடியில் எவராவது திறந்து பார்த்தால் அவை எல்லாம் விவேகானந்தனுடையவைதான்.

"அப்ப இது சரிவராது. நல்ல ஆள் பாவிச்ச மெஷின் ஒண்டும் இல்லையோ?"

துணைக்கு வந்திருந்த திருச்செல்வம் சிரித்துவிட்டார். அவரும் அதே திணைக்களம், ஊர் தெல்தோட்டை. மகளுக்கு ஒரு லெப்டொப் வாங்கிக் கொடுத்ததால் அலுவலகத்தில் அந்தத் துறைக்கு அவரே பெரிய தலை.

"கிராம சேவகர்கிட்ட நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க சார், லெப்டொப்புக்கு!"

"குடுப்பாரோ?" என்று விவேகானந்தன் உண்மையாகவே கேட்டான்.

றம்லத் உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தாள். "இத பாருங்க. ரிடயர் ஆன தபாலதிபர் ஒராள் வெச்சிருந்தது. சிங்கள ஐயா, எழுவது வயசு. கண்ணு சரியா தெரியல்ல எண்டு வித்துட்டாரு."

"உள்ளுக்கை என்ன கிடக்கு?"

"பூப்படம். அந்தூரியம். முன்னூத்தி நாப்பது. வேற ஒண்ணுமே இல்ல."

"அழிச்சுப்போடாதையுங்கோ! அது அப்பிடியே கிடக்கட்டும்," என்றான் விவேகானந்தன். முன்னூற்று நாற்பது அந்தூரியங்களை விடச் சிறந்த நன்னடத்தைச் சான்றிதழ் எந்தக் கிராம சேவகராலும் தர முடியாது என்று அவனுக்குப் பட்டது.

இவ்வளவும் ஒரு முகத்துக்காக.

போன வருஷம் ஆனி மாதம் அவனுக்குக் கலியாணம். ஆவணி பிறக்கும்போது ஞானேஸ்வரி, "அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது, பத்து நாளிலை வாறன்" என்று யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. பிறகு கப்பல்தான். கப்பலுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். எல்லோரும் அதைக் கிளியரன்ஸ் என்றார்கள். ஞானேஸ்வரி மூன்று முறை விண்ணப்பித்தாள். அக்காவின் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, எழுந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. கிளியரன்ஸ் மட்டும் வரவில்லை.

கலியாண அல்பம் யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டது. அவனிடம் இருந்தது ஒரே ஒரு படம். தாலி கட்டும் நேரத்தில் எடுத்தது. அதில் அவள் குனிந்திருந்தாள், வகிடும் பூவும்தான் தெரிந்தன. ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டு நின்றவனுக்கு அவள் உதட்டோரத்து மச்சம் நினைவுக்கு வந்தது. வலது பக்கமா, இடது பக்கமா? வலது என்றான் தனக்குள். இல்லை, இடது. கண்ணாடியில் பாதிச் சவர்க்கார நுரையோடு தன் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். தொலைபேசியில் கேட்கவும் முடியாது. எந்தப் புருஷன் இதைக் கேட்பான்? அன்றைக்குத்தான், முகம் பார்த்துப் பேச ஒரு லெப்டொப் வாங்குவதென்று வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

கண்டி நகரத்து நெட் கஃபே ஒன்றுக்கும் ஒரு தரம் போய்ப் பார்த்தான். பெட்டி பெட்டியாகப் பலகை அடித்திருந்தார்கள். "ஞானம், கேக்குதோ?" என்று அவன் யாழ்ப்பாணத் தமிழில் ஒரு சத்தம் வைத்ததும் மற்ற நான்கு பெட்டிகளும் பேச்சை நிறுத்திவிட்டன. முகம் தெரியுமுன்பே எழுந்து வந்தவன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. றம்லத்தின் கடையிலிருந்து மாடிப்படி வழியாக ஒரு வயரை இழுத்துத் தன் அறைக்கே இணையத்தைக் கொண்டுவந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி. யாழ்ப்பாணத்தில் ஞானேஸ்வரிக்கு ஒரு நெட் கஃபேயில் அரை மணித்தியாலம் பதிவாகியிருந்தது. விவேகானந்தன் இரண்டு தரம் தலை வாரினான்.

"ஞானம், கேக்குதோ?"

"கேக்குது! ஐயோ, உங்களை வடிவாத் தெரியுதப்பா! போட்டிருக்கிற உந்தச் சேட்டு இன்னும் உயிரோடை இருக்குதோ?"

"எனக்கு உம்மைத் தெரியேல்லை. எல்லாம் இருட்டாக் கிடக்கு."

"இஞ்சை எல்லாம் சரி. பக்கத்துப் பெட்டியிலை ஒரு அம்மா லண்டன் பேரனுக்குப் புதுப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறா. உங்கட மெஷின்தான் பழுது."

"குரல் ஏன் அடைச்சுக் கிடக்கு?"

"தடிமன்."

"மல்லித்தண்ணி அவிச்சுக் குடியும்."

"குடிக்கிறன். நீங்கள் முதல்லை உந்த மெஷினைத் திருத்துங்கோ. நான் வெளிக்கிட்டு வந்திருக்கிற வடிவுக்கு, பாத்தா மயங்கி விழுந்திடுவியள்."

"என்ன சீலை?"

"சொல்லமாட்டன். பாத்துச் சொல்லுங்கோ."

அரை மணித்தியாலமும் அவன் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுக் கறுப்பு என்றும் சொல்ல முடியாது. வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினால் தெரியுமே, அப்படி ஒரு சிவந்த இருட்டு.

"சிவப்பா ஈக்கிதா?" என்றாள் றம்லத் மறுநாள். "அப்ப ஸ்கிரீனுக்குப் பின்னால உள்ள லைட் போகப் போகுது."

லைட்டை மாற்றினாள். பிறகு கத்தாரிலிருந்த புருஷனை அழைத்தாள். அவன் பனியனோடு உட்கார்ந்து பருப்பும் சோறும் தின்பது பளிச்சென்று தெரிந்தது. பனியனில் விழுந்த பருப்பைத் துடைக்கச் சொல்லி இவள் இங்கிருந்து அதட்டினாள்.

"பாத்தீங்களா சேர்? கறி மஞ்சள் கூடத் தெரியுது."

இருந்தாலும் திருச்செல்வத்திடம் ஒரு தரம் காட்டிவிடலாமென்று விவேகானந்தன் மறுநாள் லெப்டொப்பை அலுவலகத்துக்கு எடுத்துப் போனான். பஸ் வழியில் மறிக்கப்பட்டது. எல்லோரும் இறங்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பையைத் தொட்டான். "திறங்க மாத்தயா," என்றான் சிங்களத்தில்.

திரை விழித்தது. ஒரு சிவப்பு அந்தூரியம். அடுத்தது இளஞ்சிவப்பு. அடுத்தது வெள்ளை. சிப்பாய் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனான். பூவுக்குப் பூ விவேகானந்தனின் முதுகில் வியர்வை ஒரு அங்குலம் இறங்கியது.

"இதெல்லாம் நீங்க வளர்த்ததா?"

இல்லை என்றால் யாருடையது என்ற கேள்வி வரும். "ஓம்," என்றான் விவேகானந்தன்.

"எங்க அம்மாவும் வளர்க்கிறாங்க. இலை மஞ்சளாப் போகுதாம். என்ன போடலாம்?"

வாழ்க்கையில் ஒரு கீரைப் பாத்தி கூடப் போட்டறியாதவன், "குடிச்ச தேயிலைச் சக்கை," என்றான். வாய்க்கு வந்தது அதுதான்.

சிப்பாய் அதை ஒரு சிகரெட் பெட்டித் துண்டில் எழுதிக்கொண்டான். "அம்மாவைப் பார்த்து ஏழு மாசம்," என்று சொல்லிவிட்டு மீதிப் பூக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முன்னூற்று நாற்பதும் முடிந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. பேராதனை வரைக்கும் விவேகானந்தன் நடந்தே போனான். ஏழு மாதம் என்றதற்குத் தன் பதினான்கு மாதத்தைச் சொல்லியிருக்கலாமோ என்று வழி நெடுக நினைத்துக்கொண்டான்.

திருச்செல்வத்துக்கும் அதில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறும் அதே இருட்டு. அதே தடிமன்.

திங்கட்கிழமை திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "கத்தார் தெரியுது. யாழ்ப்பாணம் தெரியல. அப்போ மெஷின்ல கோளாறு இல்லீங்க சார். வழியில கோளாறு."

"வழியிலையோ?"

"கத்தார்ல இருந்து வர்ற வழியில செக்பொயிண்ட் ஏதுங்க? யாழ்ப்பாணத்துல இருந்து வர்றப்ப எத்தன இருக்கு? கொரலுக்கு கிளியரன்ஸ் குடுத்திட்டாங்க. மொகத்துக்கு இன்னும் குடுக்கல."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். விவேகானந்தனுக்குப் பதினான்கு மாதமாக எல்லாமே அப்படித்தான் நடந்திருந்ததால், அது பகிடியாகப் படவில்லை.

"அப்ப என்ன செய்யிறது?"

"பெலமான மெஷினா வாங்குங்க. படத்தத் தள்ளிக்கிட்டு வந்திடும்."

தபாலதிபரைத் திருப்பிக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒருவர் வைத்திருந்த லெப்டொப்பை எடுத்தான். தூக்கினால் தோள் இறங்கியது. தோசைக் கல்லைப் போலச் சுட்டது. உள்ளிருந்த காற்றாடி, ஏற்றத்தில் ஏறும் முச்சக்கரவண்டி மாதிரி முக்கியது. "இதுக்குள்ள அறுவது சோடி கலியாணம் முடிச்சிருக்கு சேர், ஒங்கட பொஞ்சாதிட முகத்தக் காட்டாதா?" என்றாள் றம்லத்.

ஞாயிறு நான்கு மணி.

"என்னப்பா, உங்கட அறையிலை ஆரும் மா அரைக்கினமோ?"

"அது மெஷின். ஞானம், இப்பவும் இருட்டு."

"என்ன?"

"இருட்டு!"

"இருமலோ? சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை!"

முன்பு முகம்தான் இல்லை. இப்போது குரலும் பாதி போய்விட்டது. ஆஸியா உம்மா தேத்தண்ணீரோடு மேலே வந்து அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மகள் ஏன் இருட்டுக்குள்ள இருக்கா? அங்க கரண்ட் இல்லியா?"

"இருக்கு உம்மா. இஞ்சைதான் பிழை."

ஆஸியா உம்மா திரைக்குக் கிட்டப் போய்க் குரலை உயர்த்தினார். "மகள், ஒங்கட மாப்பிள்ளய நான் பாத்துக்கொள்றன்! ஒழுங்காத் தின்றார் இல்ல, அதுதான் ஒரு குற. நீங்க கெதியா வந்து சேருங்க!"

"சரி உம்மா, வந்து ரெண்டு அடி போடுறன்," என்று அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நடுவில் அறுந்தது.

"லைன் வெட்டுது," என்றான் விவேகானந்தன்.

அந்தக் கிழமை திருச்செல்வம் மனம் பொறுக்காமல், உள்ளிருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றித் தந்தார். காற்றாடி அமைதியானது. அறுபது சோடிகளும் அழிந்தார்கள். கூடவே கமராவும் செத்துப் போனது.

"என்னப்பா," என்றாள் ஞானேஸ்வரி அந்த ஞாயிறு. "இண்டைக்கு உங்களையும் தெரியேல்லை."

"கமரா வேலை செய்யேல்லை. சிநேகிதர் ஒராள் திருத்தித் தாறன் எண்டவர்."

அவன் அழைப்பு அறுந்துவிட்டதோ என்று வயரைத் தொட்டுப் பார்த்தான்.

"இருக்கிறீரோ?"

"இருக்கிறன். ரெண்டு பேரும் குருடாப் போனம், என்ன?" சிரிக்கப் பார்த்தாள். "இனி உதுக்குக் காசு செலவழிக்காதையுங்கோ. எத்தினை மெஷின்? குரல் கேக்குதுதானே. அது போதும், அது காணும்."

"எனக்குக் காணாது!"

அவளோடு அவன் சத்தம் போட்டுப் பேசியது அதுவே முதல் தரம். தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

"எனக்குக் காணாது, ஞானம்," என்றான் மெதுவாக. "மற்றவை எல்லாருக்கும் நாள் போகப் போக ஞாபகம் கூடும் போலை. எனக்குக் குறையுது. பயமாக் கிடக்கு."

அன்றைக்கு அரை மணித்தியாலம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள். தடிமன் கூடிவிட்டதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் லெப்டொப்பைக் கொண்டுபோய் றம்லத்தின் மேசையில் வைத்தான். அவள் மூன்று மெஷின்களை எடுத்து வரிசையாக வைத்தாள். அவன் ஒன்றைத் தொட்டான்.

"இது."

"முந்தி வெச்சிருந்தது ஆர் எண்டு கேக்கல்லியே சேர்?"

"பேய் வைச்சிருந்தாலும் பரவாயில்லை தங்கச்சி. முகம் தெரிஞ்சாக் காணும்."

றம்லத் அந்த மூன்றையும் திருப்பி அடுக்கிவிட்டு உள்ளறைக்குப் போனாள். மூடியில் ரோசாப்பூ ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சின்ன லெப்டொப்போடு வந்தாள்.

"இத கொண்டு போங்க. முந்தி வெச்சிருந்தது நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் அவர இதுலதான் பாக்கிறது. நாலு வருஷம், ஒரு நாள் சரி மொகம் காட்டாம ஈந்ததில்ல."

"அப்ப நீங்கள்?"

"கட நெறையக் கெடக்குதே சேர். எனக்கு எது எண்டாலும் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அவனால் நான்கு மணி வரை பொறுக்க முடியவில்லை. கால் மணித்தியாலம் இருக்கும்போதே அழைத்தான். மணி இரண்டு தரம் அடித்தது. திரை ஒரு தரம் நடுங்கி, வெளித்தது.

முகம்! கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு பெண்ணின் முகம். நெற்றியில் திருநீற்றுக் கீறு. பின்னால் சுவரில் ஒரு கலண்டர். அதில் திகதி கூட வாசிக்க முடிந்தது.

"தெரியுது!" விவேகானந்தன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "உங்களைத் தெரியுது தங்கச்சி! உம்மா! றம்லத்! படம் வந்திட்டுது! கலண்டர் தெரியுது!"

அந்தப் பெண் பயந்து பின்னுக்குச் சாய்ந்தாள். "ஆர்... ஞானேஸ்வரி அக்கான்ரை அவரோ? நான் லீலாதேவி, இந்தக் கடை நடத்திறன். அக்கா இன்னும் வரேல்லை. நாலு மணிக்குத்தானே அவவின்ரை நேரம்?"

"ஓம் ஓம், வரட்டும், ஆறுதலா வரட்டும்! நீங்கள் ஒண்டையும் தொடாதையுங்கோ, எல்லாம் இப்பிடியே கிடக்கட்டும். ஒரு மாதமா என்ன பாடு! தபாலதிபரின்ரை மெஷின் வாங்கினன், இருட்டு. லைட் மாத்தினன், இருட்டு. அறுபது கலியாணம் முடிச்ச மெஷின் வாங்கினன், அதிலும் இருட்டு. இண்டைக்குத்தான் கண் திறந்தது. என்ரை சிநேகிதர் ஒராள் சொன்னவர், முகத்துக்கு இன்னும் கிளியரன்ஸ் குடுக்கேல்லை எண்டு. குடுத்திட்டாங்கள், பாத்தீங்களோ!"

லீலாதேவி சிரிக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகம் திரை முழுவதும் நிறையும்படி கமராவுக்குக் கிட்ட வந்தாள்.

"அண்ணை, உங்கட மெஷின் ஒண்டிலையும் ஒரு பிழையும் இருக்கேல்லை," என்றாள் தாழ்ந்த குரலில். "அக்காதான் உங்களைக் கண்ட உடனை கமராவை உள்ளங்கையாலை பொத்திப்போட்டு, அந்த அரை மணித்தியாலமும் அழுதழுது உங்களோடை பகிடி விடுறவ."